விழிப்பின் ஊற்றுக்கண்



நாம் ஏன் உறங்குகிறோம் என்று கேட்டவர்கள் பலர். நாம் ஏன் விழித்திருக்கிறோம் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. விழித்திருப்பது இயல்பு, அதற்குக் காரணம் தேட வேண்டுவதில்லை என்று நெடுங்காலம் எண்ணி வந்தனர். ஒளி கண்ணில் படுகிறது. ஒலி காதில் விழுகிறது. காற்று மேனியில் உரசுகிறது. இவை மூளையை இடைவிடாமல் தட்டிக்கொண்டிருப்பதால் நாம் விழித்திருக்கிறோம். இரவில் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திக் கண்ணையும் மூடிக்கொண்டால், தட்டுவார் இல்லாமையால் மூளை தானே ஓய்ந்து போகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கற்றோருள் பலரும் கொண்டிருந்த கருத்து ஏறக்குறைய இதுதான்.

வகுப்பறையிலும் இதற்கு உடன்பிறப்பான கருத்து ஒன்று உலவி வந்தது. கவனம் என்பது மாணவனின் மனத்திட்பத்தைப் பொறுத்தது. கவனியாதவன் கவனிக்க விரும்பாதவன் என்பதே அது. நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் படித்த உளநூலில், கவனம் இச்சையுள்ளது, இச்சையற்றது என இரண்டாகப் பகுக்கப்பட்டிருந்தது. அப்பகுப்புப் பிழையன்று. ஆயினும், கவனிக்க வேண்டிய மூளை முதலில் விழித்திருக்க வேண்டும் என்பதையும், அவ்விழிப்பிலேயே ஏற்றமும் இறக்கமும் உண்டு என்பதையும் அந்நூல் சொல்லவில்லை. உண்டு வந்த பிற்பகலில், முதற் பாடவேளையில் தலை சாய்க்கும் பையனுக்குக் கும்பகருணன் என்று பெயர் சூட்டிவிட்டு, மாடு மேய்க்கப் போ என்று ஒரு வசையையும் சேர்த்துவிட்டு, பாடத்தைத் தொடர்வதே பள்ளிகளின் வழக்கம். அந்தப் பையனின் மண்டைக்குள் நிகழ்வது என்ன என்பதை மனிதர் படிப்படியாக அறிந்துகொண்ட வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில், வாக்னர் யாவ்ரெக் என்னும் பேராசிரியரின் மனநோய் மருத்துவ நிலையத்தில் கான்ஸ்டன்டின் ஃபான் எகனோமோ என்னும் மருத்துவர் பணியாற்றி வந்தார். கிரேக்கக் குடும்பத்தில் 1876-இல் பிறந்து, திரியெஸ்தே துறைமுக நகரில் வளர்ந்தவர். வானூர்தி ஓட்டுவதிலும் வல்லவர். போர்க்களத்தில் விமானியாகவும் இருந்தார். அவர் மருத்துவமனைக்குத் திரும்பிய பின், இன்ன நோய் என்று பெயர் சொல்ல முடியாத நோயாளிகள் சிலர் அங்கு வந்து சேரத் தொடங்கினர். மற்ற மருத்துவர்கள் ஆளுக்கொரு நோயின் பெயரைச் சொன்னார்கள். எகனோமோ அவர்களிடையே பொதுவான கூறொன்றைக் கண்டார். அவர்களுள் பெரும்பாலோர் உறங்கினர்.

அவ்வுறக்கம் விந்தையானது. உணவை மென்றுகொண்டிருக்கும்போதே உறங்கிவிடுவர். தோளைத் தொட்டு எழுப்பினால் விழித்துக் கேட்டதற்குத் தெளிவாக விடை சொல்வர்; விட்டுவிட்டால் அடுத்த கணமே மறுபடியும் உறக்கம். அறிவு கெட்டுவிடவில்லை, உணர்வும் அற்றுவிடவில்லை, விழித்திருக்கும் ஆற்றல் ஒன்றுதான் கைவிட்டிருந்தது. கண்ணைச் சுழற்றும் தசைகளும் பலருக்குச் செயலிழந்திருந்தன. 1890-ஆம் ஆண்டை ஒட்டி வட இத்தாலியில் 'நோனா' என்னும் பெயரோடு பரவிய உறக்க நோயொன்றைப் பற்றித் தம் பெற்றோர் பேசக் கேட்டது எகனோமோவின் நினைவுக்கு வந்ததாம். 1917-இல் தாம் கண்ட நோயை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார். உறக்க மூளையழற்சி என்று நாம் அதனைத் தமிழில் சொல்லலாம். ஆப்பிரிக்காவில் ஒருவகை ஈக் கடித்து வரும் தூக்க நோய் வேறு, இது வேறு. அடுத்த பத்தாண்டுக் காலம் இந்நோய் உலகின் பல நாடுகளில் பரவி எண்ணற்றோரைக் கொன்றது. 1920-களின் இறுதியில் வந்த சுவடு தெரியாமல் ஓய்ந்தது. அதன் காரணம் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.

நோயாளிகளுள் ஒரு சிறு பகுதியினர் நேர்மாறாக இருந்ததே நம் வரலாற்றுக்கு முதன்மையானது. அவர்களுக்கு உறக்கமே வரவில்லை. இரவெல்லாம் அமைதியின்றிப் புரண்டு, உடல் ஓய்ந்தும் கண் மூடாமல் தவித்தனர். ஒரே நோய் ஒருவரை ஓயாமல் உறங்கச் செய்கிறது. மற்றொருவரை உறங்கவிடாமல் வாட்டுகிறது. இஃது எவ்வாறு இயலும்? இறந்தோரின் மூளைகளை எகனோமோ நுணுகி ஆராய்ந்தார். உறங்கியே மாண்டவர்களின் மூளையில், நடுமூளை ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியோடு பின்புறம் கூடுமிடத்தில் சிதைவு காணப்பட்டது. உறக்கமின்றி மாண்டவர்களிடமோ, அதே ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் சிதைவு இருந்தது. ஹைப்போதலாமஸ் என்பது மூளையின் அடித்தளத்தில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்கு அருகே அமைந்த சிறு பகுதி. பின்னால் ஓரிடம் நம்மை விழிக்க வைக்கிறது, முன்னால் ஓரிடம் நம்மை உறங்க வைக்கிறது என்று அவர் முடிவு செய்தார். விழிப்பு என்பது வெளியுலகம் தட்டி எழுப்புவதால் மட்டும் வருவதன்று. மூளைக்குள்ளேயே அதற்கு ஊற்றுக்கண் உண்டு என்பது இதன் பொருள். நுண்கருவிகள் நிறைந்த ஆய்வுக்கூடத்தில் இக்கருத்துப் பிறக்கவில்லை. பிணப்பரிசோதனை மேசையும் உருப்பெருக்கியும் கூர்ந்த கண்ணுமே போதுமானவையாக இருந்தன. எகனோமோ 1931-இல் காலமானார். அவருடைய கருத்தைக் கேட்டவர்கள் உண்டு, ஏற்றவர்கள் சிலரே.

இதற்கிடையே ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்பவர் மண்டையோட்டின் மேலிருந்தே மூளையின் நுண்ணிய மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் வழியைக் கண்டார். 1924-இல் முதன்முதலாக மனித மூளையலையைப் பதிவு செய்தவர், ஐந்தாண்டுகள் தம்மையே ஐயுற்று மீண்டும் மீண்டும் சோதித்தபின் 1929-இல்தான் அதனை வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருப்பவரின் மூளையில் நொடிக்கு ஏறத்தாழப் பத்துமுறை எழுந்து விழும் சீரான அலை தோன்றும். கண்ணைத் திறந்தாலோ, கண்ணை மூடியபடியே ஒரு மனக்கணக்கைப் போடத் தொடங்கினாலோ அந்த அழகிய அலை கலைந்து, சிறிதாய், விரைவாய், ஒழுங்கற்றதாய் மாறிவிடும். உறங்கினால் அலைகள் பெரிதாகி மெதுவாகும். ஆக, மனம் ஊன்றி உழைக்கும்போது அலை சிறுக்கிறது; ஓயும்போது பெருக்கிறது. இது முதலில் கேட்போருக்கு முரணாகத் தோன்றும். திருவிழாக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தத்தம் பேச்சைப் பேசும்போது எழுவது வெறும் இரைச்சல். அனைவரும் சேர்ந்து ஒரே தாளத்தில் கைதட்டினால் அவ்வொலி ஓங்கி எழுகிறது. மூளையின் நரம்பணுக்கள் ஒவ்வொன்றும் தன் தன் வேலையில் ஈடுபடும்போது கூட்டுத் தாளம் குலைகிறது என்று கொள்க.

பெர்கரின் கண்டுபிடிப்பை முதலில் பலர் நம்பவில்லை. 1934-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் என்னும் பேரறிஞர் மாத்யூஸ் என்பவருடன் சேர்ந்து அதனை உறுதி செய்த பிறகே உலகம் ஒப்புக்கொண்டது. உறக்கத்தையும் விழிப்பையும் எழுதிக்காட்டும் எழுதுகோல் ஒன்று அறிஞர் கைக்குக் கிடைத்துவிட்டது.

அந்த எழுதுகோலை எடுத்துக்கொண்டவர் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரைச் சேர்ந்த ஃபிரெடெரிக் பிரெமெர். 1935-இல் அவர் பூனைகளில் இருவகைச் சோதனை செய்தார். மூளைத்தண்டு முதுகுத்தண்டோடு கூடும் அடிப்பகுதியில் அறுத்தால், மேலே உள்ள மூளை முறையாக விழித்தும் உறங்கியும் வந்தது. இன்னும் மேலே, நடுமூளையில் அறுத்தாலோ, அறுத்த இடத்துக்கு மேலுள்ள மூளை மீளா உறக்கத்தின் அலைகளையே காட்டியது; கண்பாவையும் சுருங்கிப்போயிற்று. இவ்விரு வெட்டுகளுக்கும் இடையே விழிப்புக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று இருக்கிறது என்பது தெளிவு. அந்த ஏதோ ஒன்று யாது? செவி, தோல், தசை முதலியவற்றிலிருந்து வரும் புலன் நரம்புகள்தாம் மேல் வெட்டினால் அறுபட்டன. அவை தட்டாமையால் மூளை உறங்கிற்று என்று பிரெமெர் கருதினார். பழைய கருத்துக்கே இது புதிய சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. சோதனை பிழையற்றது; அதற்குக் கொண்ட பொருள்தான் குறைபட்டது. அறிவியல் வரலாற்றில் இஃது அடிக்கடி நிகழ்வது.

இந்த இடத்தில் ஒரு சொல். இவ்வறிவு பூனைகளின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டது. இந்த வரலாற்றை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் யாரேனும் ஒரு மாணவி, "பூனைக்கு வலிக்காதா, ஐயா?" என்று கேட்காமல் இருந்ததில்லை. மயக்க மருந்து கொடுத்தே பெரும்பாலும் செய்தார்கள் என்று விடை கூறலாம். அவ்விடை அம்மாணவிக்குப் போதவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இன்று விலங்குச் சோதனைகளுக்கு முன் நெறிமுறைக் குழுவின் இசைவு பெற வேண்டும் என்னும் விதி பல நாடுகளில் வந்திருப்பதற்கு, அப்படிக் கேட்டவர்களே காரணம்.

பிரெமெர் விட்ட இடத்தில் தொடர்ந்தவர் அவரிடமே பயின்ற ஓர் இத்தாலியர். ஜியுசெப்பே மொருத்சி, பிரசெல்ஸில் பிரெமெரிடமும் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனிடமும் ஆய்வு பழகியவர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1948-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு அமெரிக்கா சென்று, சிக்காகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஹொரேஸ் மேகூன் என்பவருடன் சேர்ந்தார். மூளைத்தண்டின் நடுவே, குறிப்பிட்ட வடிவமின்றி, மீன்வலைபோலப் பின்னிக் கிடக்கும் நரம்பணுத் திரள் ஒன்று உண்டு. வலையமைப்பு என்று அதற்குப் பெயர். உடல் நூலார் அதற்குமுன் அதனைப் பெரிதாக மதித்ததில்லை. மேகூன் அந்த வலையமைப்புக்கும் தசை இயக்கத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மயக்க மருந்தில் ஆழ்ந்த பூனையின் மூளை பெரிய மெல்லலைகளை எழுதிக்கொண்டிருந்தது. வலையமைப்பில் மெல்லிய கம்பியை நுழைத்து, விரைந்து தொடரும் நலிந்த மின்துடிப்புகளைச் செலுத்தினர். பெரிய அலைகள் திடுமென மறைந்தன; கோடு ஏறத்தாழத் தட்டையாயிற்று. மூளையின் செயல் அடங்கிவிட்டதோ என்று ஐயுறத்தக்க காட்சி அது. பதிவுக் கருவியின் பெருக்கத்தை உயர்த்திப் பார்த்தபோது உண்மை புலப்பட்டது. கோடு தட்டையானதன்று, அதில் சிறிய விரைவலைகள் நிறைந்திருந்தன. பெர்கர் தம் நோயாளிகள் கண்ணைத் திறந்தபோதும் கணக்குப் போட்டபோதும் கண்ட அதே அலைகள்! மயங்கிக் கிடந்த மூளை, கண்ணும் காதும் எதையும் சொல்லாதபோதே, விழித்தெழும் மூளையின் அலைகளை எழுதிக்கொண்டிருந்தது.

1949-இல் புதிதாகத் தொடங்கப்பட்ட ஆய்விதழ் ஒன்றின் முதல் தொகுதியில் இக்கட்டுரை வெளியாயிற்று. அடுத்த ஆண்டுக்குள் டொனால்டு லிண்ட்ஸ்லி என்பாரும் மேகூனும் பிறரும் சேர்ந்து எதிர்ச்சோதனையும் செய்து முடித்தனர். புலன் நரம்புகள் செல்லும் பாதைகளை மட்டும் அறுத்து வலையமைப்பை விட்டுவைத்தனர், அவ்விலங்குகள் விழித்தன. வலையமைப்பைச் சிதைத்துப் புலன் பாதைகளை விட்டுவைத்தனர். செய்தி மேலே சென்றும் அவை விழிக்கவில்லை. வீட்டில் ஆள் இல்லாதபோது தபால்காரர் திண்ணையில் கடிதங்களைக் குவித்துவிட்டுப் போவது போன்ற நிலை அது. கடிதம் வந்து சேரும், படிப்பார் இரார். பிரெமெரின் இரு வெட்டுகளுக்கும் இடையே இருந்த ஏதோ ஒன்று இப்போது பெயர் பெற்றது. பழைய கருத்தும் தன் தனியாட்சியை இழந்தது. புலன்களும் அவ்வலையமைப்புக்குக் கிளை நரம்புகளை அனுப்புவதால், பேரொலி கேட்டால் நாம் விழிக்கிறோம் என்பதும் விளங்கிற்று.

விழித்திருப்பது வேறு, கவனம் செலுத்துவது வேறு. விழிப்பு என்பது விளக்கு எரிவதைப் போன்றது என்றால், அதன் ஒளியில் அளவு உண்டா என்னும் கேள்வி எழுகிறது. இக்கேள்வியை அறிஞர் முன் வலிந்து வைத்தது போர்தான். கடலின்மேல் பறந்துகொண்டு ரேடார் திரையில் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிய பிரிட்டிஷ் வீரர்கள், சிறிது நேரம் சென்றதும் திரையில் தோன்றிய புள்ளியைக் கண்டும் காணாதவர் ஆயினர். கேம்பிரிட்ஜில் நார்மன் மேக்வொர்த் என்பவர் இதனைச் சோதிக்க ஒரு கடிகாரம் செய்தார். எண்கள் இல்லாத வெற்று முகம். நொடிக்கொரு முறை தாவும் ஒற்றை முள். எப்போதேனும் ஒருமுறை அம்முள் இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை! முதல் அரைமணி கழிந்ததுமே தவறுகள் பெருகின. இவர்கள் சோம்பேறிகள் அல்லர். தோழரின் உயிர் தம் கண்ணில் இருக்கிறது என்பதை அறிந்த வீரர்கள். மனத்திட்பம் குறையாமல் இருந்தும் விழிப்புக் குறைந்தது என்பதை 1948-இல் வெளிவந்த அவருடைய ஆய்வு காட்டிற்று. தேர்வறை மேற்பார்வைக்கு அமர்ந்த எந்த ஆசிரியரும் இதற்குத் தனிச் சான்று கேட்கமாட்டார்.

ரேடார் வீரரின் கதையையும் பூனையின் கதையையும் ஓரிழையில் கோத்தவர் கனடாவின் மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்டு ஹெப். இவரிடம் எனக்குத் தனியன்பு உண்டு. காரணம், இவரும் ஒரு தலைமையாசிரியர். 1920-களின் இறுதியில், மேற்படிப்புப் படித்துக்கொண்டே, மான்ட்ரியாலை அடுத்த தொழிலாளர் பகுதியில் ஒழுங்கு குலைந்திருந்த பள்ளியொன்றை அவர் நடத்தினார். அங்கே அவர் செய்த புதுமை யாதெனில், பாடம் படிப்பது ஒரு சலுகை என்றும், குறும்பு செய்தால் தண்டனையாக வெளியே விளையாட அனுப்பப்படுவர் என்றும் அறிவித்ததே. வேலையற்றுக் கிடப்பது குழந்தையின் மூளைக்கு இன்பமன்று என்பதை அவர் அப்போதே கண்டிருந்தார் போலும். பின்னாளில் அவருடைய ஆய்வகத்தினர் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 20 டாலர் கொடுத்து, கண்ணில் மங்கற் கண்ணாடி அணிவித்து, கையை உறையிட்டு, மெத்தையில் சும்மா படுத்திருக்கச் செய்தனர். 1954-இல் வெளியான அவ்வாய்வின்படி, அவர்களுள் பெரும்பாலோரால் சில நாளுக்குமேல் தாங்க முடியவில்லை. ஒன்றைத் தொடர்ந்து நினைப்பதே அவர்களுக்குக் கடினமாயிற்று.

1955-இல் ஹெப் தம் கருத்தை முறையாக வகுத்தார். புலன் வழி வரும் ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு வேலை உண்டு. ஒன்று, இன்னது செய் என்று வழிகாட்டுவது. மற்றொன்று, வலையமைப்பின் வழியாக மூளை முழுவதையும் ஊக்குவது. இந்த ஊக்கம் எந்திரம் போன்றது; திசை காட்டுவது அதன் தொழிலன்று என்றார் அவர். உழவில் மாட்டின் வலிமை வேறு, மேழி பிடிக்கும் கை வேறு என்று நாம் சொல்லலாம். ஊக்கம் மிகக் குறைந்தால் வழிகாட்டும் செய்தி பயன்படாது. ஊக்கம் அளவு மீறினாலோ, ஒரே நேரத்தில் பல எண்ணங்கள் முந்திக்கொண்டு எழுந்து, வேலை கெடும். நடுத்தரமான ஊக்கத்தில்தான் மூளை நன்கு உழைக்கிறது. தேர்வறையில் வினாத்தாளைப் பார்த்ததும், நேற்றுவரை நன்கு தெரிந்த விடை மறந்துபோகும் மாணவனின் துன்பம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அவனை இன்னும் உரக்க அதட்டுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதாகும்.

இதற்கு முன்னோடியாக 1908-இல் ஹார்வர்டில் யெர்க்ஸ், டாட்சன் என்னும் இருவர் செய்த எலிச் சோதனையைப் பாடநூல்கள் எடுத்துக்காட்டும். வெள்ளைப் பெட்டியையும் கறுப்புப் பெட்டியையும் வேறுபடுத்த எலிகளுக்குக் கற்பித்து, தவறினால் மின்னதிர்ச்சி கொடுத்தனர். வேறுபாடு எளிதாக இருந்தபோது, கடும் அதிர்ச்சி பெற்ற எலிகள் விரைவில் கற்றன. வேறுபாடு நுட்பமாக இருந்தபோது நடுத்தர அதிர்ச்சியே நலம் தந்தது. அவர்கள் சோதித்தவை சில எலிகளே. அவர்கள் அளந்தது அதிர்ச்சியின் வலிமையை. மூளையின் விழிப்பை அன்று. அதனை மனித வாழ்வனைத்துக்கும் பொருந்தும் விதியாக விரிப்போரின் மிகைப்பேச்சை நான் ஒப்புவதில்லை. ஆயினும், கடினமான பாடத்துக்குப் பிரம்பு உதவாது என்பதை அந்த எலிகள் நம் பள்ளிகளுக்கு முன்பே தெரிந்துகொண்டன என்று சொல்லத் தோன்றுகிறது.

ஒற்றை வலை என்று எண்ணியது பல இழைகளின் கூட்டு என்பது அடுத்த தலைமுறையில் தெரிந்தது. 1964-இல் ஸ்டாக்ஹோமில் அன்னிகா டால்ஸ்ட்ரம் என்ற பெண்மணியும் ஷெல் ஃபுக்சே என்பவரும், மூளைத்துண்டுகளைச் சில வேதிமுறைகளுக்கு உட்படுத்தி உருப்பெருக்கியில் பார்த்தபோது, சில நரம்பணுக் கூட்டங்கள் பச்சையாகவும் சில மஞ்சளாகவும் ஒளிர்வதை வரைபடமாக்கினர். நாரட்ரீனலின், டோபமின், செரட்டோனின் ஆகிய பொருள்களைச் சுரக்கும் அணுக்கள் அவை. இவற்றோடு ஹிஸ்டமின், அசெட்டைல்கோலின் ஆகியவற்றைச் சுரக்கும் அணுக்களும் விழிப்பில் பங்கு பெறுவது தெரியவந்தது. ஹிஸ்டமினைத் தடுக்கும் பழைய சளி மாத்திரைகளை விழுங்கினால் கண் சொக்குவது இதனால்தான்.

இக்கூட்டங்களுள் ஒன்றை மட்டும் விரித்துரைக்கிறேன். மூளைத்தண்டில் பக்கத்துக்கு ஒன்றாக, நீலநிறம் படிந்த சிறு திட்டு இரண்டு உண்டு. 'நீல இடம்' என்னும் பொருளுடைய இலத்தீன் பெயரால் உடல் நூலார் அதனை அழைப்பர். மனித மூளையின் நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி. நீலத்திட்டு இரண்டிலும் சேர்த்து இருப்பவையோ சில பத்தாயிரமே. ஆனால் அவை ஒவ்வொன்றும் ஆலமரத்தின் கிளைபோலப் பரந்து மூளையின் மிகப் பெரும்பகுதிக்கும் நாரட்ரீனலினைக் கொண்டு சேர்க்கின்றன. உறங்கும்போது இவ்வணுக்கள் மெல்லத் துடித்து, கனவு மிகும் உறக்கத்தில் முற்றும் மௌனமாகிவிடுகின்றன என்று ஆஸ்டன்-ஜோன்ஸ், புளூம் என்னும் அறிஞர்கள் 1981-இல் எலிகளில் காட்டினர். பின்னர்க் குரங்குகளைத் திரையின்முன் அமர்த்திச் செய்த ஆய்வுகளில் இன்னும் நுட்பமான செய்தி கிடைத்தது. நீலத்திட்டு நடுத்தரமாகத் துடித்துக்கொண்டிருந்து, தேடிய அடையாளம் தோன்றும் கணத்தில் மட்டும் குபீரென்று துடித்தெழும்போது குரங்கு தவறாது வேலை செய்தது. அடிப்படைத் துடிப்பு மிக உயர்ந்தால் அக்கண நேரத் துடிப்பு நலிந்தது. குரங்கு அங்குமிங்கும் பார்த்துத் தவறிழைத்தது. துடிப்பு மிகத் தாழ்ந்தால் சோர்ந்து விழுந்தது. ஹெப் கருத்தளவில் வரைந்த மேடும் பள்ளமும் ஒரு சிறு திட்டின் துடிப்பிலேயே எழுதப்பட்டிருந்தன. இதனை 2005-இல் ஆஸ்டன்-ஜோன்ஸும் கோஹன் என்பவரும் கோட்பாடாக வகுத்தனர்.

மனம் உழைக்கும் அளவை வெளியிலிருந்தே காணவும் ஒரு சாளரம் உண்டு. அது நம் கண்பாவை. டேனியல் கானமன், ஜாக்சன் பீட்டி என்னும் இருவர் 1966-இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டனர். நொடிக்கு ஒன்றாக எண்களைச் சொல்லி, நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லச் செய்தனர். ஒவ்வோர் எண்ணும் சேரச் சேரக் கண்பாவை விரிந்தது. ஒவ்வொன்றாகச் சொல்லிச் சுமையை இறக்க இறக்கச் சுருங்கிற்று. வெளிச்சம் மாறவில்லை, மாறியது மனத்தின் சுமையே. கானமன் 1973-இல் கவனத்தையும் மன உழைப்பையும் பற்றி ஒரு நூலே எழுதினார். 2002-இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றவரும் இவரே. கண்பாவையின் விரிவு நீலத்திட்டின் துடிப்போடு பெரும்பாலும் இணைந்து செல்கிறது என்பதை அண்மைக் கால ஆய்வுகள் காட்டியுள்ளன. நீங்களும் ஒரு நண்பனை மாறாத வெளிச்சத்தில் அமர்த்தி, 17-ஐ 14-ஆல் பெருக்கச் சொல்லி அவன் கண்ணைக் கூர்ந்து நோக்குங்கள். விடை வருமுன் கண் சற்றே விரியக் காணலாம்.

இரவு நெடுநேரம் கண்விழித்துப் படிப்போருக்குக் காப்பியைப் பற்றி ஒன்று கூறிச் செல்கிறேன். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடெனோசின் என்னும் பொருள் சிறுகச் சிறுகச் சேர்கிறது. உழைத்து முடித்த அணுக்களின் கணக்குச் சீட்டு அது. அது மிகுந்தால் உறக்கம் வரும். காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன், அந்த அடெனோசின் அமர வேண்டிய இருக்கையில் தான் அமர்ந்துகொண்டு செய்தியை மறைக்கிறது. சீட்டு மறைந்தாலும் கடன் குறைவதில்லை, உறங்கினால்தான் குறைகிறது.

இனி எகனோமோவுக்குத் திரும்புவோம். அவர் சுட்டிய இரண்டு இடங்களும் மறக்கப்பட்டுவிடவில்லை. அமெரிக்காவில் ரான்சன் 1939-இல் குரங்குகளிலும், ஹாலந்தில் நாவுட்டா 1946-இல் எலிகளிலும் ஆராய்ந்து அவர் பக்கமே நின்றனர். ஆயினும் அணுவளவில் சான்று கிடைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1996-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஹைப்போதலாமஸின் முன்பகுதியில், உறக்கத்தின்போது மட்டும் ஊக்கமுற்று, விழிப்பு மையங்களை அடக்கும் சிறு அணுக்கூட்டத்தைக் கண்டனர். உறக்கமின்றி மாண்ட வியன்னா நோயாளிகளின் சிதைவு இருந்த இடத்தை ஒட்டியே அஃது அமைந்திருந்தது. 1998-இல் இரு வேறு குழுவினர், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே பொருளைக் கண்டுபிடித்து இரு பெயரிட்டனர். ஓரெக்சின் என்பது அவற்றுள் ஒன்று. அதனைச் சுரக்கும் அணுக்கள் ஹைப்போதலாமஸின் பின்-பக்கப் பகுதியில் உள்ளன. நீலத்திட்டு முதலிய விழிப்பு மையங்கள் அனைத்துக்கும் அவை நரம்பிழைகளை அனுப்பி, விழிப்பு நடுவில் அறுந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கின்றன.

அவ்வணுக்கள் அழிந்தால் என்ன ஆகும்? அதற்கும் விடை காத்திருந்தது. 1880-இல் பிரான்சில் ஜெலினோ என்னும் மருத்துவர், ஒரு நாளில் 200 முறை வரை உறக்கத்தால் தாக்கப்பட்ட 38 வயதுத் திராட்சைமது வணிகர் ஒருவரைப் பற்றி எழுதி, அந்நோய்க்கு நார்கோலெப்சி என்று பெயரிட்டிருந்தார். சிரித்தால் கூட அவ்வணிகரின் உடல் தளர்ந்து விழுமாம். 2000-ஆம் ஆண்டில், இந்நோயோடு வாழ்ந்து இறந்தவர்களின் மூளைகளை இரு குழுவினர் ஆராய்ந்தனர். ஏனைய பகுதிகள் செம்மையாக இருக்க, ஓரெக்சின் அணுக்கள் மட்டும் ஏறக்குறைய முழுவதும் மறைந்து போயிருந்தன. இந்நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது பத்து வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடையே, அதாவது பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் பருவத்தில். முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து நோய் இன்னதென்று மருத்துவர் கண்டு சொல்வதற்குள், பலருக்கும் ஆண்டுகள் பல கழிந்துவிடுகின்றன. அந்த ஆண்டுகளை அவர்கள் கழிப்பது வகுப்பறையின் கடைசி வரிசையில்.